தொட்டியில் கீரை: கைச்செலவில் செய்யுங்கள், கடனில் வேண்டாம்

மண் இல்லாமல் பயிர் வளர்க்கலாம் என்ற செய்தி இன்று கிராமங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் நடக்கும் விவசாயிகள் கூட்டங்களில், மக்காச்சோளத்தில் படைப்புழு பற்றியும் மல்லிகையில் மொட்டுப்புழு பற்றியும் கேள்விகள் முடிந்ததும், பின் வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, ஹைட்ரோபோனிக்ஸ் போட்டால் லாபம் வருமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

கேள்வி நியாயமானது. ஆனால் விடையை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வேண்டிய கீரையை வளர்க்க இம்முறை உதவுமா என்றால், தாராளமாக உதவும். கடன் வாங்கித் தொழிலாகச் செய்யலாமா என்றால், இந்த வட்டாரத்தில், இன்றைய நிலையில், வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டுக்கும் உரிய காரணங்களையும், வீட்டிலேயே தொட்டி செய்யும் முறையையும் கீழே தருகிறேன்.

பழைய வித்தைதான்

பயிருக்கு வேண்டிய சத்துக்களை நீரில் கரைத்துக் கொடுத்தே அதை வளர்க்க முடியும் என்று ஜெர்மானியத் தாவர நூல் வல்லுநர்களான சாக்ஸ், நாப் ஆகியோர் 1860-ஆம் ஆண்டுகளிலேயே காட்டிவிட்டனர். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் இதை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து தக்காளியில் சோதித்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரும் 1937-இல் அவர் வழியாகவே வழக்குக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, மண் வளமற்ற அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினர் இம்முறையில் காய்கறி பயிரிட்டு உண்டனர்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946-இல் வங்காளத்தின் காலிம்பாங் பகுதியில் இப்பணியைத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல், சாதாரணக் குடும்பமும் செய்யக்கூடிய எளிய தொட்டி முறையை உருவாக்குவதே அவருடைய நோக்கம். அதை விளக்கி 1951-இல் அவர் எழுதிய நூலின் பெயரிலேயே 'வங்காள முறை' என்று இருக்கிறது. ஏழை வீட்டு முற்றத்துக்காக நம் நாட்டில் தொடங்கிய வித்தை, இன்று பல லட்ச ரூபாய்த் திட்டமாக நம்மிடமே விற்பனைக்கு வருவது வருந்தத்தக்கது.

மண்ணைவிட மேலானதா?

நீரில் வளர்த்தால் மண்ணில் விளைவதைப்போலப் பல மடங்கு விளையும் என்று விற்பனைக்காரர்கள் கூறுகின்றனர். கெரிக் பணியாற்றிய அதே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோக்லாந்து, ஆர்னான் ஆகிய இருவர் இதை ஆராய்ந்து 1938-இல் ஒரு வெளியீடு தந்தனர். இன்றும் உலகெங்கும் பயன்படும் சத்துக் கரைசல் அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. வளமான மண்ணும் உரிய பராமரிப்பும் இருந்தால், நீரில் வளர்வதற்கும் மண்ணில் வளர்வதற்கும் விளைச்சல் திறனில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

2015-இல் அமெரிக்காவின் அரிசோனா நிலைமைக்கு லெட்டூஸ் கீரையை வைத்து ஒரு கணக்கீடு வெளியாயிற்று. ஒரு கிலோ கீரைக்கு வயலில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் தேவைப்பட, மண்ணில்லாக் கூடத்தில் சுமார் 20 லிட்டரே போதுமானது. இடத்தைக் கணக்கிட்டால் விளைச்சல் 11 மடங்கு. இவற்றைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே கணக்கில், ஒரு கிலோ கீரைக்கு ஆன எரிசக்தி வயலைப்போல 82 மடங்கு என்றும் இருக்கிறது. வெப்பத்தையும் குளிரையும் கட்டுப்படுத்தவும் விளக்குக்கும் மோட்டாருக்கும் ஆகும் செலவு அது. அந்த வரியை எவரும் படித்துக் காட்டுவதில்லை.

ஆகவே நல்ல மண்ணும் நல்ல கிணறும் உள்ளவர் மண்ணை விட்டு வர வேண்டியதில்லை. வேளாண்மையில் சிறு தவறு நேர்ந்தால் மண் அதைத் தாங்கிக்கொள்ளும், தொட்டி தாங்காது. இம்முறை யாருக்கு ஏற்றது? கையகல முற்றம் கூட இல்லாத விசைத்தறித் தொழிலாளர் வீடுகளுக்கு, பாறை மீது கட்டிய வீடுகளுக்கு, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகிக் கீரைப்பாத்தி வெளுத்துப்போன வீடுகளுக்கு, மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்களுக்கு.

இதில் ஊட்டச்சத்துப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. கீரை மட்டும் அதைத் தீர்த்துவிடாது. மருத்துவர் தரும் மாத்திரைக்கு அது மாற்றும் ஆகாது. ஆயினும் வாரத்தில் மூன்று நாள் கீரை, அதன் மேல் நான்கு சொட்டுப் புளியங்குடி எலுமிச்சைச் சாறு என்பது எந்த வீட்டுக்கும் எட்டக்கூடிய நல்ல உணவு. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தொட்டி வாங்குமுன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பின்பற்றினால் பாதி நட்டம் தவிர்க்கப்படும்.

கீரைக்கு வேண்டிய சத்துக் கரைசலின் மின் கடத்தும் திறன் 1.2 முதல் 1.8 டெசிசீமன்ஸ் வரை இருப்பது நல்லது. சத்து உப்புகளைச் சேர்ப்பதால் மட்டும் ஏறத்தாழ 1.2 அளவு கூடிவிடும். ஆகவே நாம் எடுக்கும் தண்ணீர் 0.5-க்குள் இருக்க வேண்டும். சிறிய டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்போருக்கு இது சுமார் 300 என்று கொள்ளலாம். கிணற்று நீரே 2 என்று காட்டினால், சத்து சேர்க்கு முன்பே தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். அதில் பெரும்பகுதி சோடியம், குளோரைடு, பைகார்பனேட். பயிருக்கு அவை உணவாகா. செடி நீரை மட்டும் உறிஞ்ச, உப்பு நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டே போகும். இலை ஓரம் கருகும்.

ஆகவே இவ்வட்டாரத்துக்கு மழை நீரே சிறந்தது. 100 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 230 லிட்டர் நீர் கிடைக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அன்று மாட்டிய குழாய் பல வீடுகளில் இன்னும் சுவரிலேயே தொங்குகிறது. அதன் கீழ் ஒரு டிரம் வைத்து, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து மூடி வைத்தால் பல தொட்டிகளுக்கு ஆகும். குழாயில் வரும் குடிநீரையும் ஓரிரவு திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் குடிக்க வேண்டியது போக மிஞ்சினால் மட்டுமே. சுத்திகரிப்பு எந்திரம் கழித்துத் தள்ளும் கழிவு நீரை வீணாகிறதே என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள். கிணற்று நீரில் இருந்ததைவிட உப்பு அதில் அதிகம்.

தொட்டி செய்யும் முறை

பூவும் மீனும் அனுப்பும் பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். உள்ளளவு 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 18 முதல் 20 செ.மீ. ஆழம் இருக்கட்டும். வெயில் சூட்டைத் தடுப்பதில் இதற்கு இணை இல்லை. பெட்டியை நன்கு கழுவி, உட்புறம் கறுப்புப் பாலித்தீன் தாளை மடித்து விரித்து ஓரங்களை ஒட்டிவிட வேண்டும். பெட்டிக்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் வந்த வாளியையும் பயன்படுத்தலாம். வெளிப்புறம் கறுப்பு அடித்து அதன் மேல் வெள்ளை அடிக்க வேண்டும். ஒளி உள்ளே புகுந்தால் பாசி பிடிக்கும். பூச்சிமருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் இதற்குத் தொடக்கூடாது.

மூடியில் 12 செ.மீ. இடைவெளியில் 8 துளைகள் இடவும். துளையில் சிக்கென்று உட்காரும் பிளாஸ்டிக் குவளைகளை எடுத்து, அடியிலும் பக்கத்திலும் சூடான கம்பியால் ஓட்டைகள் போட்டு, தென்னை நார்க்கழிவை நிரப்பவும். நார்க்கழிவை முன்னதாக மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிவிட வேண்டும். குவளைக்கு 3 விதைகள் தூவி, முளைத்த பின் வலுவான நாற்றுகளை மட்டும் விடவும். பாலக் விதையை ஓரிரவு ஊறவைத்து விதைப்பது நல்லது. 12 முதல் 15 நாள் வரை சாதாரண நீர் தெளித்து நிழலில் வைத்து, வேர் குவளைக்கு வெளியே எட்டிப் பார்த்ததும் பெட்டி மூடியில் பொருத்த வேண்டும்.

பெட்டியில் சுமார் 20 லிட்டர் கரைசல் ஊற்றினால், குவளையின் அடி ஒரு செ.மீ. நீரில் தோயும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். அப்போது மேல்பாதி வேர் காற்றிலும் கீழ்ப்பாதி நீரிலும் இருக்கும். காற்றிலுள்ள வேர் பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால் மோட்டாரும் மின்சாரமும் தேவையில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்ற விஞ்ஞானி வகுத்த முறை இது. மட்டம் இறங்கிவிட்டதே என்று மீண்டும் விளிம்பு வரை ஊற்றிவிடுவதுதான் இம்முறையில் எல்லோரும் செய்யும் பிழை. காற்றுக்குப் பழகிய வேர் முழுகினால் செடி வாடும். பாதி உயரத்துக்கு மேல் நிரப்பக்கூடாது.

சத்துக் கரைசல்

சொட்டுநீர்ப் பாசனத்துக்கென விற்கும் நீரில் கரையும் உரங்களே இதற்குப் போதும். இரண்டு பாட்டில்களில் தனித்தனியே தாய்க் கரைசல் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் பாட்டில்: ஒரு லிட்டர் நீரில் கால்சியம் நைட்ரேட் 60 கிராம், இரும்புச் செலேட் (12 சதவீதம்) 2 கிராம்.

இரண்டாம் பாட்டில்: ஒரு லிட்டர் நீரில் பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 30 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) 15 கிராம், மக்னீசியம் சல்பேட் 30 கிராம். இத்துடன் 100 லிட்டர் நீருக்கு உரிய நுண்ணூட்டக் கலவை, பொட்டலத்தில் கண்ட அளவுப்படி.

பத்து லிட்டர் நீருக்கு ஒவ்வொன்றிலும் 100 மில்லி வீதம், ஒன்றை ஊற்றிக் கலக்கிய பிறகு மற்றதை ஊற்ற வேண்டும். இரண்டு தாய்க் கரைசல்களையும் நேராகக் கலந்தால் சுண்ணாம்புச்சத்து மணிச்சத்தோடும் கந்தகத்தோடும் சேர்ந்து வெண்படிவாகிப் பயனற்றுப் போகும். 19:19:19 உரத்தை மட்டும் கரைத்தால் ஆகாதா என்று பலர் கேட்பார்கள். அதில் சுண்ணாம்புச்சத்து இல்லை. தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. மண்ணில் யூரியாவை நுண்ணுயிர்கள் மாற்றித் தருகின்றன. தொட்டியில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் மண்ணுக்குப் பயன்படுபவை. தேங்கிய தொட்டி நீரில் ஊற்றினால் புளித்து, பிராணவாயுவைத் தின்று, வேரை அழுகச் செய்யும்.

கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இளம் இலைகள் மஞ்சளாகும். இரும்பு கரைசலில் இருந்தும் செடிக்கு எட்டவில்லை என்பது அதன் பொருள். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஒரு நாளுக்குக் குறையும், பிறகு மறுபடி ஏறிவிடும். சொட்டுநீர்க் குழாய் கழுவும் பாஸ்பாரிக் அமிலத்தை நீர்த்து, சொட்டுச் சொட்டாக விட்டு, சோதனைத் தாளில் பார்த்துச் சரி செய்யலாம். அமிலத்தை நீரில் விட வேண்டும். நீரை அமிலத்தில் விடக்கூடாது. இந்த உரங்கள் பார்வைக்குச் சமையல் உப்பைப் போலவே இருப்பதால் பெயர் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

எந்தக் கீரை, எந்தப் பருவம்

லெட்டூஸ் குளிர்நாட்டுப் பயிர். 15 முதல் 25 டிகிரி வெப்பம் அதற்கு ஏற்றது. மாசிக்குப் பிறகு நம் ஊரில் அது தண்டு விட்டுப் பூத்துக் கசந்துவிடும். நீர் சூடானால் அதில் கரையும் பிராணவாயுவும் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பது 30 டிகிரியில் ஏழரையாகிவிடுகிறது. ஆசைக்கு ஒரு பெட்டி போட விரும்புவோர் கார்த்திகையில் நட்டுத் தையில் பறித்து முடித்துவிட வேண்டும்.

நமக்கென்று கீரைகளுக்கா பஞ்சம்? பாலக், சிறுகீரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை எல்லாம் தொட்டியில் வருகின்றன. புதினா, பொன்னாங்கண்ணி ஆகியவற்றைத் தண்டு வெட்டியே நடலாம். வள்ளைக்கீரை குளத்திலேயே வளரும் கீரை. தொட்டி அதற்குப் பிறந்த வீடு. பச்சையாக உண்ண வேண்டுமென்றால் மல்லித்தழை இருக்கிறது, வல்லாரை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சம்பலாக உண்கிறார்கள். அதைவிட நல்ல பச்சைக்கீரைக் கூட்டு எங்கே இருக்கிறது?

பெட்டிக்கு நான்கைந்து மணி நேரக் காலை வெயில் வேண்டும். உச்சி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடும். நாலு பக்கமும் செங்கல் அணைத்து வையுங்கள். துளையைச் சுற்றி இடைவெளி இருந்தால் பஞ்சு வைத்து அடையுங்கள். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. கீரை வளர்க்கப் போய்க் காய்ச்சலை வளர்த்துவிடக் கூடாது. அறுவடைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு கரைசலை எடுத்துவிட்டுச் சாதாரண நீர் ஊற்றி, மாலையில் பறித்தால் இலையில் நைட்ரேட் தங்குவது குறையும். எடுத்த கரைசலைக் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ ஊற்றிவிடலாம்.

கடன் ஏன் கூடாது?

மேற்கண்ட உப்புகள் கிலோ 200 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், பத்து லிட்டர் கரைசலுக்கு மூன்று ரூபாய்க்குள் அடங்கும். இவ்வளவில் நட்டம் வந்தால் ஒரு பெட்டிக் கீரையோடு போகும். குடும்பம் தாங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் என்னிடம் யோசனை கேட்டு வந்தனர். வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பிய மகன், தாயாரின் நகையை அடகு வைத்து நிழல்வலைக் கூடமும் குழாய்களும் மோட்டாரும் போட்டிருந்தார். விற்றவர்களே விளைந்ததை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் பயிர் நன்றாக வந்தது. இரண்டாவது பயிர் பங்குனி வெயிலில் பூத்துவிட்டது. மூன்றாவதில் ஒரு நடுப்பகல் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. குழாயில் நீர் ஓடாமல் வேர் காய்ந்தது. வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தத் தாயார் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இந்தக் குழாயையாவது யாராவது எடுத்துக்குவாங்களா ஐயா?" என்பதுதான்.

அந்த இளைஞர் உழைப்பில் குறை வைக்கவில்லை. திட்டத்தில்தான் குறை. லெட்டூஸை நாள்தோறும் நல்ல விலைக்கு வாங்கும் ஓட்டல்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. பறித்த சில மணி நேரத்தில் குளிர்ச்சியோடு அங்கே சேர்க்க வேண்டும். மல்லிகைக்கு இங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த சந்தை இருக்கிறது, லெட்டூசுக்கு இல்லை. சிறுகீரையைத் தொட்டியில் வளர்த்து, கூடையில் கொண்டுவரும் கீரைக்கார அம்மாளோடு விலையில் போட்டி போடவும் முடியாது. சந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கூடம் கட்டுவதுதான் முறை. கூடம் கட்டிவிட்டுச் சந்தை தேடுவது, மாட்டுக்கு முன்னே வண்டியைக் கட்டிய கதையாக முடியும்.

மண்ணில்லாத் தீவனத்தில் நாம் கற்ற பாடமும் இதுவே. ஒரு கிலோ மக்காச்சோள விதை தட்டில் ஐந்தாறு கிலோ பசுந்தீவனமாவதைக் கண்டு வியந்தோம். கூடிய எடை பெரும்பாலும் தண்ணீர், உலர்பொருள் கூடவில்லை. கோடையில் நாலு மாட்டுக்குப் பசுமை காட்ட அது உதவும். அதையே நம்பிப் பண்ணை வைக்க முடியாது.

இனி ஆக வேண்டியவை

பொறுப்பு வாங்குபவர் மீது மட்டும் இல்லை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எங்களுக்கும் உண்டு. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து மானாவாரி நிலத்துக்காக உழைத்து வருகிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் மோட்டார் இல்லாத தொட்டிகளை, நம் ஊர்த் தண்ணீரில், நம் ஊர்க் கீரையில், பன்னிரண்டு மாதமும் வைத்துக் காட்ட வேண்டும். சித்திரையில் எது செத்தது என்பதையும் மறைக்காமல் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வெற்றியை மட்டும் காட்டும் செயல்விளக்கத் திடலால் விவசாயிக்குப் பாதிப் பயன்தான்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு யோசனை. ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட், 20 லிட்டர்த் தொட்டியை 80 முறைக்கு மேல் நிரப்பப் போதும். ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம். ஈரம் பட்டுக் கெட்டுவிடும். பத்து வீடுகள் சேர்ந்து உரம் வாங்கி, நகைத் தராசில் நிறுத்துப் பங்கிட்டு, ஒரே டி.டி.எஸ். மீட்டரைப் பொதுவில் வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறிதாகிவிடும்.

தொழிலாகத்தான் செய்வேன் என்று உறுதியாக இருக்கும் இளைஞர்கள் ஓர் ஆண்டு பொறுங்கள். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கிணற்று நீரைச் சோதித்து முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெட்டிகளை ஐப்பசி முதல் புரட்டாசி வரை நடத்தி, வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். நாள்தோறும் வாங்க ஒப்புக்கொள்ளும் மூன்று பேரை நீங்களே நேரில் பார்த்துப் பேசுங்கள். இவ்வளவுக்கும் பிறகு நோட்டு லாபம் காட்டினால், அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம். அதுவரை நகை வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். கீரை தெர்மாகோல் பெட்டியில் வளரட்டும்.